‘ரன்’, ‘மட்ச்’: இரண்டு ஆங்கிலச் சொற்களை அருகருகே வைத்துப் பொருள் படிக்கும் முறை

ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று பாடமாக்கி வந்தவர்கள் பெரும்பாலும் முதலில் தடுக்கி விழும் சொல் ‘ரன்’. ரன் என்றால் ஓடு என்று ஆறாம் வகுப்புக் கொப்பியிலேயே எழுதி வைத்தாயிற்று. பிறகு ‘ஷி ரன்ஸ் எ ஷொப்’ என்று ஒரு வசனம் வரும். அவள் கடைக்கு ஓடுகிறாள் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். அவள் கடை நடத்துகிறாள் என்பதுதான் சரி. இப்படிப் போகிற பிள்ளைக்குச் சொல் தெரியாமல் இல்லை. அந்தச் சொல்லின் ஒரு பொருள் மட்டும் தெரிந்திருப்பதுதான் சிக்கல்.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கும், மாங்குளம், ஒட்டுசுட்டான், பூநகரி, மடு போன்ற இடங்களில் அலுவலக வேலைக்கோ வெளிக்கள வேலைக்கோ புதிதாகச் சேர்ந்து ஆங்கிலப் படிவங்களோடு மல்லுக்கட்டுபவர்களுக்கும் இந்த வழிகாட்டி. முறை எளிது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு அன்றாடச் சொற்களை எடுத்து, இரண்டின் பொருள்களையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து ஒப்பிட வேண்டும். ஒரு சொல்லைத் தனியே படித்தால் பொருள்களின் பட்டியல்தான் கிடைக்கும். இரண்டை ஒப்பிட்டால்தான் அந்தப் பொருள்கள் எப்படி உண்டாயின, எங்கே பிரிகின்றன என்பது கண்ணில் படும்.

ஏன் சம்பந்தமில்லாத சொற்கள்? ‘ரன்’னையும் ‘கோ’வையும் எடுத்தால் இரண்டும் அசைவைச் சொல்பவை. எது வேகம், எது மெது என்ற நுணுக்கத்திலேயே நேரம் போய்விடும். ‘ரன்’னோடு ‘மட்ச்’சை வைத்தால் அந்தக் குழப்பம் இல்லை. இந்தச் சோடிக்கு இன்னொரு வசதியும் உண்டு. ‘ரன்’ ஒரே வேரிலிருந்து கிளைத்த மரம். ‘மட்ச்’ அப்படியல்ல, ஒரே எழுத்துக்கூட்டலோடு அருகருகே நிற்கும் இரண்டு தனி மரங்கள். புதிதாகத் தொடங்குபவர் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் அகராதியைத் திறக்கும் விதமே மாறிவிடும்.

பொருள்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கிலப் பேரகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செற்’ என்ற வினைச்சொல்லுக்கு உரியது, 430 பொருள்கள். மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தும்போது ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அன்றாட வாசிப்புக்கும் பரீட்சைக்கும் இவற்றில் பன்னிரண்டு, பதினைந்து பொருள் நன்றாகத் தெரிந்தால் போதும். மிச்சத்தை அந்தப் பதினைந்திலிருந்து ஊகித்துவிடலாம்.

கொப்பியைத் தயார்படுத்துதல்

ஒரு சீஆர் கொப்பி, நீலப் பேனை, சிவப்புப் பேனை, அடிமட்டம் போதும். கொப்பியை விரித்து இடப்பக்கத்தின் தலையில் ‘ரன்’ என்றும் வலப்பக்கத்தின் தலையில் ‘மட்ச்’ என்றும் எழுதுங்கள். கொப்பியில் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள், இங்கே வாசிக்க வசதியாக உச்சரிப்பைத் தமிழில் தந்திருக்கிறோம். ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து நிரல் கீறுங்கள். முதல் நிரல் முழு வசனத்துக்கு, அதை அகலமாக விடுங்கள். இரண்டாவதில் எழுவாய்: யார் செய்கிறார், அல்லது எது செய்கிறது. மூன்றாவதில் செயப்படுபொருள், இல்லாவிட்டால் ஒரு கோடு. நான்காவதில் அந்தச் சொல்லின் பின்னால் ஒட்டி வரும் சிறுசொல்: அவுட், ஓவர், இன்டு, டவுன், வித் போன்றவை. ஐந்தாவதில் அதே விசயத்தை வீட்டில் எப்படிச் சொல்வோம் என்பது.

‘பொருள்’ என்று ஒரு நிரல் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். அது வேண்டுமென்றே விட்டது. அப்படி ஒரு நிரல் இருந்தால் கை தானாக ஒற்றைச் சொல்லை எழுதிவிடும், பிறகு வசனத்தைப் பார்க்கவே மாட்டோம். ஐந்தாம் நிரலில் முழுப் பேச்சாக எழுதும்போதுதான் தமிழில் அந்த இடத்துக்கு எந்தச் சொல் வருகிறது என்பது நேர்மையாகத் தெரியும்.

வசனம் சேர்த்தல்

ஒரு சொல்லுக்கு இருபது வசனம் என்று கணக்கு வையுங்கள். பத்துக்குக் குறைந்தால் முக்கியமான கிளைகள் தவறிவிடும், முப்பதைத் தாண்டினால் வகைப்படுத்தவே மனம் வராது. பாதியை ஆங்கில–ஆங்கில அகராதியின் எடுத்துக்காட்டு வசனங்களிலிருந்து எடுங்கள். மறுபாதியைச் சுற்றியிருக்கும் ஆங்கிலத்திலிருந்து எடுங்கள்: கடந்தகால வினாத்தாள், தண்ணீர்ப் பம்பியின் கையேடு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டு, வங்கிப் படிவம், கிரிக்கெட் நேர்முக வர்ணனை, கைப்பேசியில் வரும் அறிவித்தல். நீங்களே வசனம் ஆக்காதீர்கள். தொடக்கத்தில் நாம் ஆக்கும் வசனம் தமிழில் நினைத்ததாகவே இருக்கும், அதை வைத்து ஆங்கிலச் சொல்லை அளக்க முடியாது.

தமிழ்க் கருத்து மட்டும் தரும் அகராதியோடு நின்றுவிடுவதும் கூடாது. அதில் ‘ரன்’னுக்கு நேரே ஓடு, இயக்கு, நடத்து, பாய், நீள் என்று வரிசையாக இருக்கும். எந்த வசனத்துக்கு எது என்பது இருக்காது.

‘ரன்’ பக்கம்

இருபது வசனமும் சேர்ந்தபின் முதலில் எழுவாய் நிரலை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள். ஆளா, தண்ணீரா, மெசினா, பாதையா என்பதே பாதிப் பொருளைச் சொல்லிவிடும்.

ஆளோ மிருகமோ காலால் விரைவது அடிமரம். அதற்கு அடுத்த கிளை திரவம்: ‘த டாப் இஸ் ரன்னிங்’ (பைப்பில தண்ணி ஓடுது), ‘மை நோஸ் இஸ் ரன்னிங்’ (மூக்கு ஓடுது). தமிழும் இங்கே கூடவே ஓடி வருகிறது, அதனால் சிரமமில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். தீக்காயத்தை ‘ரன்னிங் வோட்டர்’ கீழ் 20 நிமிடம் பிடிக்கச் சொல்லும் முதலுதவிக் குறிப்பை ‘ஓடும் நீர்’ என்று எழுதினால் ஆற்றுக்கோ வாய்க்காலுக்கோ போகச் சொல்வதாக ஆகிவிடும். குழாயிலிருந்து இடைவிடாமல் விழும் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் என்பதுதான் அது. குழாய் இல்லாத வீட்டுக்காரருக்குச் சொல்லும்போது வாளியிலிருந்து கோப்பையால் தொடர்ந்து ஊற்றச் சொல்ல வேண்டும். அதே கிளையில் சாயமும் உண்டு. துணியைக் கழுவும்போது நிறம் ‘ரன்’ ஆவது நம் பேச்சில் சாயம் போறது.

மூன்றாவது கிளை மெசின். ‘த என்ஜின் இஸ் ரன்னிங்’ என்றால் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, அதாவது வேலை செய்கிறது. நான்காவது, சேவையில் ஓடுவது: ‘த பஸ் ரன்ஸ் எவ்ரி அவர்’. ஒரு பஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதல்ல, மணித்தியாலத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது என்பது. 2013 செப்டெம்பரில் யாழ்தேவி மீண்டும் கிளிநொச்சிவரை வந்ததையும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம்வரை போனதையும் ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த ‘ரன்’தான் வரும்.

இந்த இடத்தில்தான் நம் தமிழ் நம்மை ஏமாற்றும். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வாகனத்தைச் செலுத்துவதையே ‘ஓடுறது’ என்கிறோம். சைக்கிள் ஓடத் தெரியுமா, அவர் உழவு மெசின் ஓடுறவர், மகன் கார் ஓடுறான். தமிழ்நாட்டில் ‘ஓட்டுவது’ என்பார்கள், ஆகவே அங்கே இந்தக் குழி கொஞ்சம் ஆழம் குறைவு. ஆங்கிலத்தில் சைக்கிளுக்கு ‘ரைட்’, காருக்கும் உழவு மெசினுக்கும் ‘ட்ரைவ்’. ‘ஐ ரன் எ பைசிக்கிள்’ என்று எழுதினால் புள்ளி போகும். அதைவிடப் பெரிய விபத்து ‘ஹி ரன்ஸ் எ பஸ்’. அவர் பஸ் ஓடுறவர் என்பதற்கு இதை எழுதினால், சாரதியை முதலாளி ஆக்கிவிடுகிறோம். ‘ரன்’னுக்குப் பின் பஸ் செயப்படுபொருளாக வந்தால், அவர் பஸ் சேவையை நடத்துகிறார் என்றே வாசிப்பவர் விளங்கிக்கொள்வார். வருமான விபரம் கேட்கும் படிவத்தில் இந்த ஒரு சொல் ஒரு குடும்பத்தை உதவிக்குரியவர் பட்டியலிலிருந்தே வெளியே தள்ளக்கூடும். இப்படி எழுதிய வசனம் கொப்பியில் இருந்தால் சிவப்புப் பேனையால் கோடிடுங்கள்.

மூன்றாம் நிரல் இங்கே உதவிக்கு வருகிறது. செயப்படுபொருள் கடை, பாடசாலை, முகாம், நிறுவனம், வகுப்பு என்று ஏதாவது ஒரு அமைப்பாக இருந்தால் ‘ரன்’ நடத்துவதையே குறிக்கும். மெசினாகவோ குழாயாகவோ இருந்தால் ஓட விடுவது. ‘ரன் த பம்ப் ஃபோர் டென் மினிட்ஸ்’ என்றால் பம்பியைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். மரதன் என்றால் ஓடி முடிப்பது. செய்தியாக இருந்தால் பத்திரிகை அதைப் பிரசுரிப்பது. ஃபீவர் என்றால் காய்ச்சல் காய்வது.

அடுத்து, எதுவுமே அசையாத ‘ரன்’. ‘த ஏ நைன் ரன்ஸ் ஃப்ரொம் கண்டி டு ஜஃப்னா’. பாதை ஓடவில்லை, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம்வரை நீண்டு கிடக்கிறது. தமிழில் பாதை ‘போகும்’. மாங்குளத்தால் முல்லைத்தீவுக்குப் போற ரோட்டு என்போம், ஓடுற ரோட்டு என்று யாரும் சொல்வதில்லை. வாய்க்கால் வரும்போதுதான் நுணுக்கம். இரணைமடுவின் இடதுகரை வாய்க்காலைப் பற்றி ‘த கனால் ரன்ஸ் பாஸ்ட் த ஸ்கூல்’ என்று எழுதியிருந்தால், அது பாடசாலைப் பக்கத்தால் போகிறது என்பது மட்டும்தான் செய்தி. கடும் கோடையில் வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடந்தாலும் அந்த வசனம் உண்மை. அதையே தமிழில் ‘பள்ளிக்கூடத்தடியில வாய்க்கால் ஓடுது’ என்றால், தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று வயல்காரர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆங்கிலத்தில் தண்ணீர் ஓடுவதைச் சொல்ல எழுவாயை மாற்ற வேண்டும்: ‘வோட்டர் இஸ் ரன்னிங் இன் த கனால்’. நீர்ப்பாசன அறிக்கைகளை மொழிபெயர்ப்பவர்கள் இந்த இரண்டு வசனத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது.

தேர்தல் கிளையைச் சுருக்கமாகச் சொல்லலாம். அமெரிக்க ஆங்கிலத்தில் வேட்பாளர் ‘ரன்’ பண்ணுவார், பிரித்தானிய ஆங்கிலத்தில் ‘ஸ்டாண்ட்’ பண்ணுவார். நாமும் தேர்தலில் நிற்கிறோம். இலங்கை ஆங்கிலப் பத்திரிகைகளில் ‘கொன்டெஸ்ட்’ பெருவழக்கு.

பெயர்ச்சொல்லாக வந்தால் முன்னால் ‘எ’, ‘த’ அல்லது ஒரு எண் நிற்கும். கிரிக்கெட்டில் ஓட்டம், கோழி வளர்ப்புத் திட்டத்தில் ‘சிக்கன் ரன்’ என்றால் கோழி உலாவ வலை அடித்து மறித்த இடம், ‘டெஸ்ட் ரன்’ என்றால் பரீட்சித்துப் பார்க்கும் ஓட்டம், ‘இன் த லோங் ரன்’ என்றால் காலப்போக்கில். வாழ்வாதாரத் திட்ட ஆவணங்களில் ‘சிக்கன் ரன்’ அடிக்கடி வரும். கோழி ஓட்டம் என்று எழுதிவிடாதீர்கள்.

சிறுசொல் ஒட்டும்போது

நான்காம் நிரல்தான் ‘ரன்’ பக்கத்தில் அதிகம் பிழைபடுவது. ‘அவுட்’டை மட்டும் நிதானமாகப் பாருங்கள்.

‘த ரைஸ் ஹாஸ் ரன் அவுட்’ என்றால் அரிசி முடிஞ்சுது. எழுவாய் அரிசி, செயப்படுபொருள் இல்லை.

‘வி ஹாவ் ரன் அவுட் ஒஃப் ரைஸ்’ என்றால் எங்களிட்ட அரிசி முடிஞ்சுது. எழுவாய் ஆட்கள், இடையில் ‘ஒஃப்’ கட்டாயம். அந்த ‘ஒஃப்’பை விட்டால் வசனம் குலைந்துவிடும்.

‘த பட்ஸ்மன் வோஸ் ரன் அவுட்’ என்றால் துடுப்பாட்டக்காரர் ஓட்டம் எடுக்கும்போது ஆட்டமிழந்தார். இங்கே ‘வோஸ்’, மேலே இரண்டிலும் ‘ஹாஸ்’, ‘ஹாவ்’. அந்த ஒரு துணைவினைதான் அரிசியையும் ஆட்டக்காரரையும் பிரிக்கிறது.

மூன்றிலும் ‘ரன்’ வடிவம் மாறவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ரன், ரான், ரன். முதலாவதும் மூன்றாவதும் ஒன்று. ‘ஹாஸ் ரான்’ என்று எழுதுவது பரவலான பிழை.

‘இன்டு’ இன்னும் கவனம் கேட்கும். ‘ஐ ரான் இன்டு மை டீச்சர்’ என்றால் ரீச்சரைத் தற்செயலாகக் கண்டேன். ‘த மோட்டர்பைக் ரான் இன்டு எ கவ்’ என்றால் மோட்டார் சைக்கிள் மாட்டில் மோதியது. கட்டாக்காலி மாடுகள் இரவில் படுத்திருக்கும் ஏ9இல் இரண்டாவது வசனம் விபத்து முறைப்பாட்டில் வரக்கூடியது. எழுவாய் வாகனமென்றால் மோதல். ஆள் எழுவாயாகி, ‘இன்டு’வுக்குப் பின்னும் ஆளே வந்தால் பெரும்பாலும் சந்திப்பு. வாக்குமூலம் மொழிபெயர்ப்பவர் இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒருவர் ஆசிரியரை இடித்து விழுத்தியவர் ஆகிவிடுவார். ‘ரன் ஓவர்’ என்றால் ஏற்றிவிடுவது, பாத்திரத்திலிருந்து வழிவது, நேரம் கடந்து நீள்வது. மூன்றுக்கும் எழுவாயே அடையாளம். ‘ரன் டவுன்’ பற்றரிக்கு வந்தால் சார்ஜ் இறங்குவது.

‘மட்ச்’ பக்கம்

வலப்பக்கத்தில் முதலில் செய்ய வேண்டியது வசனங்களை இரண்டாகப் பிரிப்பது: நெருப்புக்குச்சி ஒரு பக்கம், மற்ற எல்லாம் மறுபக்கம். இடையில் ஒரு தடித்த கோடு.

ஏன் கோடு என்றால், இவை உறவில்லாத இரண்டு சொற்கள். போட்டி, இணை, பொருத்தம் எல்லாம் ‘இணையானவர், துணை’ என்று பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தவை. நெருப்புக்குச்சி ‘மட்ச்’ பழைய பிரெஞ்சில் விளக்குத் திரியைக் குறித்த சொல். அது ஆங்கிலத்துக்கு வந்து, பிறகு பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் நெருப்பு வைக்கும் கயிற்றுத் திரிக்குப் பெயராயிற்று. உரசிப் பற்றவைக்கும் குச்சியை இங்கிலாந்தின் ஸ்டொக்டன் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜோன் வோக்கர் 1827இல் விற்கத் தொடங்கினார். திரிக்கு இருந்த பெயர் குச்சிக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

இதை அகராதியில் கண்டுபிடிக்கும் வழி உண்டு. பெரிய அகராதிகளில் தலைச்சொல்லின் தோளில் சிறிய 1, 2 என்ற எண்கள் இருக்கும். எண்கள் இருந்தால் வெவ்வேறு சொற்கள், ஒரே பதிவுக்குள் உள் எண்கள் மட்டும் இருந்தால் ஒரே சொல்லின் கிளைகள். ஆனால் மாணவர்களுக்கான கற்கை அகராதிகள் பல, வாசிக்க இலகுவாக இருக்கட்டும் என்று, ஒரே எழுத்துக்கூட்டல் உள்ளவற்றை ஒரே தலைப்பின் கீழ் போட்டுவிடும். அந்த அகராதி மட்டும் கையில் இருப்பவர் நெருப்புக்குச்சியும் கிரிக்கெட் போட்டியும் எப்படியோ உறவு என்று நினைத்து மண்டையை உடைப்பார். பதிவின் அடியில் சொற்பிறப்புக் குறிப்பு இருந்தால் அதைப் பார்த்துவிடுங்கள்.

தமிழிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஓடு என்ற வினையும் கூரையில் போடும் ஓடும் ஒரே எழுத்து. ஓட்டு வீட்டைப் பார்த்து அது ஓடும் என்று எவரும் நினைப்பதில்லை. அதே தெளிவு ‘மட்ச்’சிலும் வேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. தமிழில் ‘பொருத்து’ என்றால் இணைப்பது, அடுப்பையோ விளக்கையோ பற்றவைப்பதும் அதுவே. தமிழ்நாட்டுக் கதைகளில் ‘அடுப்பைப் பொருத்தினாள்’ என்று வாசித்திருப்பீர்கள். ‘மட்ச்’சின் இரண்டு பக்கமும் ஒரே தமிழ்ச் சொல்லுக்குள் வந்து விழுவதால் ஆங்கிலத்திலும் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். அது தற்செயல்.

கோட்டுக்குக் கீழே நெருப்புக்குச்சிக்கு வேலை குறைவு. அது எண்ணக்கூடிய பெயர்ச்சொல், அன்றாட ஆங்கிலத்தில் அதற்கு வினை வடிவம் இல்லை. ஆகவே ‘மட்ச்’ வினையாக வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கோட்டுக்கு மேலே போடலாம். இந்த ஒரு விதி பரீட்சையில் நிறைய நேரம் மிச்சப்படுத்தும்.

கோட்டுக்கு மேலே நான்கு கிளை. விளையாட்டுப் போட்டி, அதாவது இரண்டு இணைகள் மோதுவது. ஈடு: ‘நோ மட்ச் ஃபோர்’ என்றால் ஈடுகொடுக்க முடியாதவர். சேர்ந்து அழகாக இருப்பது: சட்டையின் நிறமும் சீலையின் நிறமும் மட்ச், இதைத் தமிழிலும் அப்படியே சொல்கிறோம். கலியாணச் சம்பந்தமும் இதோடுதான். நான்காவது கிளை ஒன்றுபோலிருப்பது, அலுவலகங்களில் அதிகம் புழங்குவது இதுதான். ‘த நேம் டஸ் நொட் மட்ச் த பேர்த் சேர்ட்டிஃபிகேட்’. இதை ‘பெயர் பிறப்புச் சான்றிதழோடு பொருத்தமில்லை’ என்று மொழிபெயர்ப்பதைக் காணலாம். வாசிப்பவருக்கு அந்தப் பெயரே தனக்குப் பொருந்தாது என்பதுபோல விளங்கும். ‘பெயர் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி இல்லை’ என்றால் கிராம அலுவலரிடம் எதைத் திருத்தப் போக வேண்டும் என்று உடனே தெரியும். இடம்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்து, பிறகு வெவ்வேறு அலுவலகங்களில் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் பிரதி எடுத்தவர்கள் வன்னியில் ஏராளம். இந்த ‘மட்ச்’சைத் தெளிவாக மொழிபெயர்த்துக் கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் பெரிய உதவி.

‘மட்சிங் கிராண்ட்’ என்ற சொற்றொடரும் இந்தக் கிளைதான். நீங்கள் ஒரு பங்கு போட்டால் திட்டமும் அதற்கு ஈடாக ஒரு பங்கு போடும். பொருத்தமான மானியம் என்று எழுதினால், சொந்தப் பணம் போட வேண்டும் என்ற முக்கியமான நிபந்தனை மறைந்துவிடும். ஈட்டு மானியம் என்றோ, உங்கள் பங்குக்கு ஈடாகத் தரும் மானியம் என்று விரித்தோ எழுதுங்கள்.

பிரித்தது சரியா என்று சோதித்தல்

மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது, ஒரே வசனத்தில் இரண்டையும் கட்டிப் பார்ப்பது. ‘ஹி ரான் எ மரதன் அண்ட் எ ஷொப்’. கேட்பவருக்குச் சிரிப்பு வந்தால் இரண்டும் வெவ்வேறு பொருள். ‘ஹி ரான் எ ஷொப் அண்ட் எ ஸ்கூல்’ சாதாரணமாகக் காதில் விழும், ஆகவே ஒரே பொருள். கொப்பியில் இரண்டு வசனத்தை ஒரே கிளையில் போடுவதா வேண்டாமா என்று தயக்கம் வந்தால் இதைச் செய்யுங்கள். மூன்றிலும் இதுதான் நம்பிக்கையானது.

இரண்டாவது, எதிர்ச்சொல். என்ஜின் ‘ரன்’னுக்கு எதிர் ‘ஸ்டொப்’, கடை ‘ரன்’னுக்குக் ‘க்ளோஸ்’. சாயம் ‘ரன்’னுக்கு எதிர் ‘ஃபாஸ்ட்’, அங்கே ‘ஃபாஸ்ட்’ என்றால் உறுதியாக நிற்பது. விரைவு என்று மட்டும் படித்தவர்களுக்கு இது புதிராக இருக்கும், அடுத்த கொப்பிக்கு நல்ல சொல்.

மூன்றாவது, மாற்றுச்சொல் போட்டுப் பார்ப்பது. ‘மனேஜ்’, ‘ஃப்லோ’, ‘வேர்க்’ ஆகிய மூன்றையும் ‘ரன்’ வந்த இடங்களில் வைத்துப் பாருங்கள். வசனம் பொருள் மாறாமல் நின்றால் கிளையின் பெயர் கிடைத்துவிட்டது. வலப்பக்கத்தில் ‘கேம்’, ‘ஈக்குவல்’, ‘அக்றீ’ ஆகியவற்றை அதேபோல் வையுங்கள்.

அருகருகே வைத்து வாசித்தல்

இப்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். ‘ரன்’ பக்கத்தில் பொருளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எழுவாயும் சிறுசொல்லும். ‘மட்ச்’ பக்கத்தில் தீர்மானிப்பது அது பெயரா வினையா என்பது. ‘ரன்’னில் கிளைக்குக் கிளை தாவலாம், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் அடியில் ‘தடையில்லாமல் தொடர்ந்து செல்வது’ என்ற ஒரு கருத்து இருக்கிறது. பாதை நீள்வதும், கடை நடப்பதும், பம்பி இயங்குவதும் அதற்குள் அடங்கும். தெரியாத ‘ரன்’ வந்தால் அந்தக் கருத்திலிருந்து ஊகிக்கலாம். ‘மட்ச்’சில் அப்படி ஊகிக்கப் போனால் நடுக்கோட்டைத் தாண்டும்போது விழுவீர்கள்.

‘வி ஹாவ் நோ மட்சஸ் டுடே’ என்ற வசனத்தைத் தனியே தந்தால் எவராலும் பொருள் சொல்ல முடியாது. விளையாட்டுக் கழகச் செயலாளர் சொன்னால் இன்று போட்டி இல்லை. கடைக்காரர் சொன்னால் நெருப்புப்பெட்டி முடிந்துவிட்டது. இலக்கணம் இங்கே உதவாது, சூழ்நிலைதான் சொல்லும். வினாத்தாளில் இப்படி வந்தால் முன்னும் பின்னும் உள்ள வசனங்களை வாசித்துவிட்டுத்தான் பேனையைத் தொட வேண்டும்.

வழக்கமாகப் பிழைக்கும் இடங்கள்

இருபது வசனம் சேர்க்காமல் அகராதியின் முதல் மூன்று பொருளோடு நிறுத்துவது ஒன்று. பேரகராதிகளில் மிகப் பழைய பொருள் முதலில் வரும், கற்கை அகராதிகளில் இன்று அதிகம் புழங்குவது முதலில் வரும். எந்த வகை அகராதி என்று முன்னுரையில் பார்க்காமல் முதல் பொருளையே முக்கிய பொருளாக எடுப்பவர்கள் இரண்டையும் குழப்புவார்கள்.

கிளைகளை அளவுக்கு மீறிப் பிரிப்பது இன்னொன்று. தண்ணீர் ஓடுவது, இரத்தம் ஓடுவது, கண்ணீர் ஓடுவது என்று மூன்று கிளை தேவையில்லை. ‘ரன்’ பக்கத்தில் எட்டிலிருந்து பத்துக் கிளை, ‘மட்ச்’ பக்கத்தில் நான்கும் ஒன்றும் என்பது நல்ல அளவு. இருபது வசனத்துக்குப் பதினெட்டுக் கிளை வந்திருந்தால், கட்டிப் பார்க்கும் சோதனையை நீங்கள் செய்யவில்லை என்று அர்த்தம்.

ஐந்தாம் நிரலை எழுத்துத் தமிழில் நிரப்புவதும் பிழை. ‘இயங்குகிறது’ என்று எழுதினால் எல்லாம் சரிபோலத் தெரியும். ‘மெசின் ஓடுது’, ‘ரோட்டு போகுது’, ‘அரிசி முடிஞ்சுது’, ‘காய்ச்சல் காயுது’ என்று பேச்சில் எழுதினால்தான் நான்கு இடத்திலும் நான்கு வெவ்வேறு வினை வருவது கண்ணில் படும்.

சரிபார்ப்பும் அடுத்த சோடியும்

ஒரு வாரம் கழித்து முதல் நான்கு நிரலையும் கடதாசியால் மூடிவிட்டு, ஐந்தாம் நிரலின் பேச்சுத் தமிழை மட்டும் பார்த்து ஆங்கில வசனத்தை மீண்டும் எழுதுங்கள். இருபதில் பதினைந்து சரியென்றால் அந்தச் சொல் கைவசம். பிழைத்தவற்றை மட்டும் புதிய பக்கத்துக்கு மாற்றி, அதே கிளையில் இன்னும் இரண்டு வசனம் தேடுங்கள். பெரும்பாலும் நான்காம் நிரல் வசனங்களே மிஞ்சும்.

அடுத்த சோடியாக ‘டாங்க்’, ‘ஃபெயார்’ இரண்டையும் எடுக்கலாம். ‘டாங்க்’ ஒரே வேர். இலங்கை ஆங்கிலத்தில் அது குளம், மன்னாரின் கட்டுக்கரைக் குளத்துக்கு ‘ஜயன்ட்ஸ் டாங்க்’ என்றே ஆங்கிலப் பெயர். வீட்டில் தண்ணீர்த் தாங்கி, வாகனத்தில் எரிபொருள் தாங்கி. போர் டாங்கிக்கு அந்தப் பெயர் வந்தது முதலாம் உலகப் போரில். பிரித்தானியர் அதை இரகசியமாகச் செய்தபோது, தண்ணீர்த் தாங்கி செய்வதாகக் காட்டிக்கொள்ள 1915இல் வைத்த மறைப்புப் பெயர் நிலைத்துவிட்டது. ‘ஃபெயார்’ இரண்டு மரம். சந்தை, கண்காட்சி என்று பொருள்படுவது இலத்தீனில் விழா நாளைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. நியாயமான, வெளிர்நிறமான என்று பொருள்படுவது பழைய ஆங்கிலத்தில் அழகைக் குறித்த சொல். நடுவில் தடித்த கோட்டை முதலிலேயே கீறிவிட்டு வசனம் சேர்க்கத் தொடங்குங்கள்.